மாரிக்குப்பத்துப் பெண்களை வெட்டி எறிந்த ஆவணப்படம்: தங்கவயல் தொழிலாளர் குடும்பங்களின் கண்டன அறிக்கை

பத்திரிகை, தொலைக்காட்சி நண்பர்களுக்கும் பொதுமக்களுக்கும்:

கோலார் தங்கவயல் சுரங்கங்களில் உழைத்து ஓய்ந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்து நடத்துவது எங்கள் சங்கம். மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல் என்ற அயர்லாந்துக்காரரைப் பற்றி அண்மையில் ஓடிடி தளம் ஒன்றில் வெளியாகியிருக்கும் ஆவணப்படத்தை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. படத்தின் பெயரையும் எடுத்தவர் பெயரையும் இங்கே நாங்கள் எழுதவில்லை. இலவச விளம்பரம் கொடுக்க எங்களுக்கு விருப்பமில்லை. தங்கவயலில் யாரைக் கேட்டாலும் எந்தப் படம் என்று சொல்லிவிடுவார்கள்.

கடல் கடந்து வந்து தங்கம் தேடிய ஒரு சாகசக்காரரின் கதையாக அந்தப் படம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எதிரான போரில் சிப்பாயாக இருந்தவர் ஓய்வு பெற்று பெங்களூர் கன்டோன்மென்டில் வந்து அமர்கிறார். பழைய சஞ்சிகையில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றைப் படிக்கிறார். 1871இல் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு அறுபது மைல் தள்ளியிருக்கும் கோலாருக்குக் கிளம்புகிறார். அதன்பின் படத்தில் வருவதெல்லாம் வெட்டவெளி, கழுகு, பாறை, அந்தி வெளிச்சம், ஒற்றை மனிதர். ஆள் நடமாட்டமே இல்லாத பாலைநிலத்தில் அவர் மண்ணை அள்ளுகிறார், உள்ளங்கையில் ஏதோ மின்னுகிறது, வயலின் உச்சத்துக்குப் போகிறது. அடுத்த காட்சியில் தலைப்பாகையும் முத்துமாலையும் அணிந்த மைசூர் மகாராஜா தன் கையாலேயே உரிமப் பத்திரத்தை எடுத்துக் கொடுக்கிறார்.

இந்த ஒரு காட்சியே போதும், படம் எவ்வளவு அக்கறையோடு எடுக்கப்பட்டது என்று காட்ட. லாவெலுக்கு உரிமம் கிடைத்தது 1875 பிப்ரவரியில். 1831 முதல் 1881 வரை மைசூர், பிரிட்டிஷ் ஆணையர்களின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1875இல் அரியணைக்கு உரிய சாமராஜேந்திர உடையார் பன்னிரண்டு வயதுச் சிறுவர். மீசை வைத்த மகாராஜா எங்கிருந்து வந்தார்? உரிமம் கொடுத்தது வெள்ளைக்கார நிர்வாகம், வாங்கியவரும் வெள்ளைக்காரர். அதைக் காட்டினால் சாகசத்தின் பளபளப்பு கொஞ்சம் குறையும், அதனால் ராஜாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

லாவெல் மீது எங்களுக்குப் பகை ஒன்றுமில்லை. தைரியசாலி, பிடிவாதக்காரர். நிலக்கரி தேடுவதென்றால் தேடு என்று அதிகாரிகள் சொன்னபோது, தங்கம்தான் தேடுவேன் என்று நின்றவர். கிடைத்தால் அரசாங்கத்துக்கு லாபம், கிடைக்காவிட்டால் அரசாங்கத்துக்கு நயாபைசா நஷ்டமில்லை, எனக்கு வேண்டியது தோண்டும் உரிமை மட்டுமே என்று சாமர்த்தியமாக எழுதிக் கொடுத்து, இருபது வருடக் குத்தகை வாங்கினார். கையில் பணமில்லை. இரண்டே வருடத்தில், 1877இல், பெரஸ்ஃபோர்டு என்ற ராணுவ அதிகாரிக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் உரிமை கைமாறிப் போனது. 1880இல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே நுழைந்தது. கோலார் தங்கத்தில் கொழுத்தவர்கள் பட்டியலில் லாவெலுக்கு இடமில்லை. பெங்களூரின் விலை உயர்ந்த சாலைகளில் ஒன்றுக்கு அவர் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். இந்தச் சோகத்தைப் படம் நன்றாகவே சொல்லியிருக்கிறது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை.

நாங்கள் கண்டிப்பது வேறு. லாவெல் படித்த அந்த நான்கு பக்கக் கட்டுரையைப் படம் நான்கு முறை திரையில் காட்டுகிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பக்கம் புரள்கிறது, விரல் வரிகளின் மேல் ஊர்கிறது. அந்த வரிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் ஓரிடத்திலும் சொல்லவில்லை. எங்கள் சங்கம் சொல்கிறது, கேளுங்கள்.

கட்டுரையை எழுதியவர் லெப்டினன்ட் ஜான் வாரன். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க அனுப்பப்பட்டவர். தங்கம் பற்றிய பேச்சு காதில் விழவே, தங்கம் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகம் பகுதி மக்கள் வண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கண்ணெதிரிலேயே தண்ணீரில் அலசிப் பொடித் தங்கத்தைப் பிரித்துக் காட்டினார்கள். ஏறத்தாழ 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெய்ன் தங்கம் என்று வாரன் கணக்குப் போட்டார். ஒரு கிரெய்ன் என்றால் ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அணுவளவைக் கண்டுபிடிக்கக் கண் பழகியிருக்க வேண்டும், கை பழகியிருக்க வேண்டும். அது ஒரு நாளில் வருகிற பழக்கமா?

அங்கிருந்து வாரன் மாரிக்குப்பம் போனார். இன்றைக்கு பெங்களூர் ரயில் கிளம்புகிற அதே மாரிக்குப்பம்தான். அங்கே ஒடுக்கப்பட்ட மக்கள் குழிகளுக்குள் இறங்கிக் கல்லை உடைத்துக்கொண்டிருந்ததையும், கூடை கூடையாகக் கைக்குக் கை மாற்றி மேலே அனுப்பியதையும், பெண்கள் அந்தக் கற்களை அகலமான பாறைமேல் போட்டு மாவாக இடித்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலசியதையும் அவர் எழுதிவைத்தார். சுரங்கம், கல் உடைத்தல், அரைத்தல், அலசல் என்று ஒரு தொழிலின் எல்லாப் படிகளும் அங்கே நடந்துகொண்டிருந்தன. லாவெல் வண்டி பூட்டுவதற்கு ஏறக்குறைய எழுபது வருடம் முன்னால்.

படம் இந்தப் பக்கத்தைத்தான் மறைத்துவிட்டது. படக் குழுவிடம் மூலக் கட்டுரை இல்லை என்று சொல்ல முடியாது, திரையில் காட்டுவதே அதைத்தான். கேமராவின் விரல் எந்த வரிமேல் ஊர்ந்ததோ, அதற்குச் சில வரிகள் தள்ளித்தான் எங்கள் பாட்டிமார் கல் இடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கழுகைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். இதை மறதி என்று எங்களால் ஏற்க முடியாது.

வாரனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் கண்டனத்துக்கு அது நேரடியாக வேண்டியதில்லை என்றாலும். பிறப்பால் பிரெஞ்சுக்காரரான அவர் பிற்பாடு சென்னை வானாய்வு நிலையத்தில் பொறுப்பு வகித்தார். இந்தியப் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி 1825இல் காலசங்கலிதம் என்ற பெரிய நூலை வெளியிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஏடு எதையும் பார்க்காமல், மனப்பாடமாக இருந்த வாய்பாட்டை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்திருக்கிறார். உலக அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை எடுத்துப் பேசுகிற பதிவு அது. கும்பெனிக் காலத்து ராணுவ அதிகாரி ஒருவர், எளிய மனிதர்கள் கையில் என்ன வித்தை இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்து எழுதினார். ட்ரோனும் டால்பியும் வைத்திருக்கிற இக்காலத்து இயக்குநருக்கு அந்தப் பொறுமைகூட இல்லை.

வாரனுக்கும் லாவெலுக்கும் இடையே நடந்த ஒன்றையும் படம் தாண்டிக் குதிக்கிறது. பழைய குழிகளில் விபத்துகள் நேர்ந்ததைக் காரணம் காட்டி, 1859இல் அரசாங்கம் நிலத்தடியில் தோண்டுவதைத் தடை செய்தது. காலங்காலமாக இறங்கியவர்களுக்குக் குழி மூடப்பட்டது. பதினாறு வருடம் கழித்து, அதே மண்ணைத் தோண்ட லாவெலுக்கு உரிமம் கிடைத்தது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படத்தின் முதல் அரை மணி நேரம் நிற்காது. ஆளில்லாத நிலம் என்று படம் காட்டுவது, ஆட்களை வெளியேற்றிய நிலம்.

அடுத்தது, தங்கம் உண்மையில் எப்படிக் கிடைத்தது என்பது. லாவெலின் உள்ளங்கையில் மின்னியதே கோலார் சுரங்கம் ஆனது என்று பார்ப்பவர் நினைக்கும்படி காட்சி அமைத்திருக்கிறார்கள். கம்பெனிகள் வந்தபின் முதல் சில வருடங்கள் பணம் போட்டவர்களுக்கு வெறும் புகைதான் மிச்சம். பல கம்பெனிகள் திவால் நிலையில். அவற்றில் ஒன்றான மைசூர் கம்பெனியின் கோலார்ச் சுரங்கத்தை மூடிவிடலாம் என்று பங்குதாரர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பிளம்மர் என்ற சுரங்கக் கேப்டன் ஒரு காரியம் செய்தார். புது இடம் தேடி அலையவில்லை. உள்ளூர்க்காரர்கள் அந்தக் காலத்தில் தோண்டிவிட்டுப் போன பழைய குழிகள் இருந்த இடத்திலேயே ஆழமாக இறங்கினார். சாம்பியன் ரீஃப் என்று பின்னால் உலகப் புகழ் பெற்ற வளமான தங்கப் படுகை, 1880களின் நடுவில் அப்படித்தான் அகப்பட்டது. எங்கே வெள்ளைக்கல் ஓடுகிறது, எதில் தங்கம் இருக்கிறது என்று பழைய ஆட்கள் தேர்ந்து தோண்டியிருந்தார்கள். தண்ணீரும் பாறையும் தடுத்த ஆழத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்க கம்பெனிக்கு நீராவி யந்திரமும் லண்டன் பணமும் இருந்தன. இது சுரங்கத்துறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. படத்தில் பிளம்மர் பெயரே வரவில்லை. அவர் வந்தால் பழைய குழி வரும், பழைய குழி வந்தால் அதைத் தோண்டியவர் யார் என்ற கேள்வி வரும்.

1880க்குப் பிறகான நூற்றிருபது ஆண்டுகளை இந்தப் படம் கடைசியில் இரண்டே வரி எழுத்தில் முடித்துக்கொள்கிறது. 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது, 2001இல் மூடப்பட்டது. எடுக்கப்பட்டதாம். எடுத்தவர்கள் எங்கே?

வடஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி, கங்காணிகளின் பின்னால் நடந்து வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். தெலுங்கு பேசியவர்களும் கன்னடம் பேசியவர்களும் உடன் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் இந்தச் சுரங்கங்களில் வேலை பார்த்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனது, உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலேயிருந்து குளிர்காற்று அனுப்பினாலும் ஷிஃப்ட் முடிந்து ஏறுகிறவன் உடம்பில் உப்புப் பூத்திருக்கும். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குப் போக முடியாது, கல் துண்டு எதையாவது ஒளித்து வைத்திருக்கிறானா என்று தடவிச் சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்கள்.

ஏர் பிளாஸ்ட் என்ற சொல்லைத் தங்கவயலில் சிறுபிள்ளையும் அறியும். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதைத்தான் அப்படிச் சொல்வோம், பொறியாளர்கள் ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே அடுப்படியில் பாத்திரம் நடுங்கும். தரை அதிர்ந்த திசையை வைத்தே எந்த ஷாஃப்ட் என்று பெண்கள் ஊகித்து, புருஷன் எந்த ஷிஃப்ட் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். ஓடியவர்களில் சிலர் இன்றும் எங்கள் சங்கத்தில் உறுப்பினர்கள். தொண்ணூறு நிமிடப் படத்தில் இதற்கு ஒரு நிமிடம் இல்லை.

ஏர் பிளாஸ்ட்டில் செத்தவர்களுக்காவது சுரங்கக் கணக்கில் ஒரு பதிவு உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்து, மூச்சு வாங்கி வாங்கிச் செத்தவர்களுக்கு அதுவும் பெரும்பாலும் இல்லை. 1940களில் கோலார் சுரங்கத் தொழிலாளர்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேரைச் சோதித்த மருத்துவ ஆய்வில், பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் அந்த நோயைப் பற்றிப் பேசும் மருத்துவப் பாடநூல்கள் கோலாரிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. மருத்துவ மாணவனுக்குத் தெரிந்த அளவுகூட இந்தப் படத்தின் ஆய்வுக் குழுவுக்குத் தெரியவில்லை என்றால், அந்த ஆய்வுக் குழு என்ன செய்துகொண்டிருந்தது?

படத்தில் ஒரு காட்சி. மரத்தரை போட்ட கிளப், பில்லியர்ட்ஸ் மேசை, வெள்ளை உடை, தோட்டத்து ரோஜா. குட்டி இங்கிலாந்து என்று பின்னணிக் குரல் மெச்சிக்கொள்கிறது. அந்தக் குட்டி இங்கிலாந்துக்கு எட்டும் தூரத்தில் மூங்கில் தட்டிச் சுவரும் மண்தரையுமாகக் கூலி லைன்கள் இருந்தன. குனிந்துதான் நுழைய வேண்டும். ஒரு அறைக்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்த சித்தப்பா. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே 1905இல்தான் கிடைத்த மின்சாரம். அது யந்திரங்களுக்கு வந்தது, பங்களாக்களுக்கு வந்தது. லைன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. மின்சாரம் வந்ததைப் பெருமையாகச் சொல்லும் படம், அது யார் வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லாமல் விட்டுவிட்டது.

இவற்றையெல்லாம்விட எங்களை ஆத்திரப்படுத்துவது, படத்தில் தொழிலாளி என்று எங்கெல்லாம் ஒருவர் வருகிறாரோ அங்கெல்லாம் அவர் வாயில்லாப் பூச்சியாக வருவது. கூடை சுமப்பார், தலை குனிவார், துரைக்கு வழிவிடுவார். தங்கவயல் மக்களுக்குப் பேசத் தெரியும் ஐயா. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ், அவர் மறைந்து நின்றுபோன பிறகு, 1926இலிருந்து ஜி. அப்பாதுரையார் பொறுப்பில் இங்கிருந்துதான் மீண்டும் வந்தது. பகலில் பாறையைத் துளைத்துவிட்டு இரவில் கூடிப் பத்திரிகை வாசித்து விவாதித்தவர்களின் ஊர் இது. 1930இல் குற்றவாளிகளைப் போலத் தங்களைப் பதிவு செய்து கைரேகை எடுக்க நிர்வாகம் கிளம்பியபோது, ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். கைரேகைத் திட்டத்தைக் கம்பெனி கைவிட வேண்டியதாயிற்று. 1946 போராட்டத்தில் உயிர்விட்ட தோழர்களுக்கு நவம்பர் மாதம் இன்றும் இங்கே மாலை போடுகிறோம். சாகசம் என்று ஒன்று உண்டென்றால், மாட்டுவண்டியில் வந்து போனதைவிட, எழுதப் படிக்க விடாமல் வைக்கப்பட்டவர்கள் சுரங்கத்து வாசலில் அச்சுப் பத்திரிகை நடத்தியதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

படப்பிடிப்பு நடந்த விதத்தையும் பொதுவெளியில் வைக்கிறோம். தங்கவயலின் வரலாற்றைப் படமாக்குகிறோம், பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்கிறோம் என்று சொல்லித்தான் வந்தார்கள். நம்பி வீட்டுக்குள் விட்டோம், காப்பி கொடுத்தோம், டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய போட்டோக்களை எடுத்துக் கொடுத்தோம். எங்கள் உறுப்பினரான ஓய்வுபெற்ற டிம்பர்மேன் ஒருவர், சுரங்கம் சரியாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலையில் ஆயுளைக் கழித்தவர், தன் தகப்பனார் இருமி இருமிச் செத்ததை ஒரு முற்பகல் முழுக்கக் கேமரா முன் சொன்னார். சுரங்கம் இருந்தவரை வீட்டில் அடுப்பு எரிந்தது என்று இடையே ஒரு வரி சொன்னார். படத்தில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. அதுவும் லாவெலின் ஓவியத்துக்கு அடுத்தபடியாக, நன்றி சொல்வதுபோல. தகப்பனாரைக் காணோம். படம் பார்த்த அன்று முதல் அந்தப் பெரியவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை என்று அவருடைய மகள் எங்களிடம் சொன்னார்.

மாரிக்குப்பத்துப் பெண்கள் சிலரை நாள்கூலிக்கு அழைத்துப்போய், மண்பானையைத் தலையில் வைத்து மங்கலான வெளிச்சத்தில் நடக்கவிட்டார்கள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு அழகுக்காக என்று பதில். கையெழுத்து வாங்கிய படிவங்கள் முழுவதும் ஆங்கிலத்தில். அதில் என்ன எழுதியிருந்தது என்று கையெழுத்துப் போட்ட யாருக்கும் தமிழிலோ கன்னடத்திலோ சொல்லப்படவில்லை. வாரன் பார்த்த பெண்களின் வாரிசுகளைக் கூட்டிக்கொண்டு போய், வாரன் பார்த்ததை மட்டும் செய்யவிடாமல், பானை தூக்க வைத்திருக்கிறார்கள். கல் இடிக்கச் சொல்லியிருந்தால் அதுவாவது உண்மையாக இருந்திருக்கும்.

பொன்னிறப் பாலைவனம் என்ற பெயரில் ட்ரோன் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்திருக்கிறதே, அது பாலைவனமே இல்லை. சயனைட் மேடு. தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மாவுக்கழிவு. நூறு வருடத்துக்கு மேலாகக் கொட்டிக் கொட்டி, மூன்று கோடி டன்னுக்கு மேல் மலைமலையாக நிற்கிறது. காற்றடிக்கிற மாதங்களில் அந்தத் தூள் சோற்றில் விழும், உலர்த்திய துணியில் படியும், குழந்தைகளின் மூச்சில் ஏறும். மழை பெய்தால் கரைந்து கீழே இருக்கும் நிலத்துக்கு ஓடும். அந்த மேட்டின் உச்சியில் லாவெல் வேடமிட்ட நடிகரை நிறுத்தி, தொடுவானத்தைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். லாவெல் காலத்தில் அந்த மேடே கிடையாது. சயனைட் முறை கோலாருக்கு வந்தது 1890களில். வரலாற்றுப் படம் எடுப்பவருக்கு இந்தப் பிழை தெரியாமல் நேர்ந்ததா, அழகாக இருக்கிறது என்று தெரிந்தே செய்ததா என்று எங்களுக்குக் கவலையில்லை. எங்கள் பிள்ளைகளின் இருமலைக் காட்சிப் பின்னணியாக்கியதற்குப் பதில் வேண்டும்.

படத் தரப்பில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஏற்கெனவே ஒருவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். இது லாவெலின் கதை, உங்கள் கதையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு படத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. சரி, லாவெலின் கதையே இருக்கட்டும். லாவெலுக்கு வழிகாட்டியது வாரனின் கட்டுரை. வாரனுக்கு வழிகாட்டியவர்கள் உரிகத்து, மாரிக்குப்பத்து மக்கள். அவர்களை எடுத்துவிட்டால் லாவெல் பெங்களூரில் நாற்காலியை விட்டு எழுந்தே இருக்கமாட்டார். ஆக, அவர்கள் லாவெலின் கதைக்குள்ளேயே இருப்பவர்கள். எங்கள் கதையைக் கொண்டுவந்து திணிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவர் கதையையே ஒழுங்காகச் சொல்லச் சொல்கிறோம்.

சினிமாவில் இதைவிட மோசமாக எவ்வளவோ வந்திருக்கிறதே, கே.ஜி.எஃப் படத்துக்கு இப்படி அறிக்கை விட்டீர்களா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். 2018இல் வந்த அந்தப் படம் கற்பனை என்று சொல்லிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்ப் பெயரை வைத்து ரவுடி ராஜ்ஜியம் காட்டியதில் எங்களுக்கு மனவருத்தம் உண்டு, ஆனால் அதை யாரும் பாடமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பா. ரஞ்சித்தின் தங்கலான் 2024இல் வந்தது. அதிலும் கற்பனை ஏராளம். ஆனாலும் வடஆற்காட்டு மக்கள் துரையோடு தங்கம் தேடிப் போனதை அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தது. ஆவணப்படம் என்ற பெயரோடு வருவது வேறு விஷயம். இதைப் பள்ளிக்கூடங்களில் போடுவார்கள், விழாக்களுக்கு அனுப்புவார்கள், நாளைக்கு ஒரு ஆராய்ச்சி மாணவர் அடிக்குறிப்பில் சேர்ப்பார். திரையின் கீழே உண்மைச் சம்பவங்கள் என்று எழுதிக் காட்டியவர்கள் அந்த எழுத்துக்குக் கட்டுப்பட வேண்டும்.

இந்த நேரத்தில் இப்படியொரு படம் வருவதும் எங்களை யோசிக்க வைக்கிறது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களில் பலர் தங்கள் பாக்கிக்காகவும், குடியிருக்கும் வீட்டின் உரிமைக்காகவும் அலைந்து அலைந்தே காலமானார்கள். பிள்ளைகள் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூர் போய், ராத்திரி திரும்புகிறார்கள். இப்போது சயனைட் மேட்டில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுப்பது பற்றி மீண்டும் பேச்சு நடக்கிறது, 2024இல் கர்நாடக அமைச்சரவை அதற்குச் சம்மதமும் கொடுத்தது. புதிதாக யாரோ வரப்போகிறார்கள். வருகிறவர்களுக்கு இந்த நிலம் காலியாக, ஆளில்லாமல், சாகசத்துக்குக் காத்திருப்பதாகத் தெரிவது யாருக்கு வசதி? படத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை, அதற்கு எங்களிடம் ஆதாரமில்லை. ஆனால் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னும் நிலம் காலி என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள் என்பது எங்கள் ஞாபகத்தில் இருக்கிறது.

படத்தைத் தடை செய்யச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. செயற்குழுவில் அப்படிக் கேட்க வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள், பெரும்பான்மை ஏற்கவில்லை. பத்திரிகை நடத்திய ஊர் படத்துக்குத் தடை கேட்பது அழகல்ல. ஆனால் வாரனின் கட்டுரை திரையில் வரும் இடங்களில், மாரிக்குப்பத்து மக்களைப் பற்றி அவர் எழுதிய பகுதி வாசிக்கப்பட வேண்டும். 1859 தடையும், பிளம்மர் பழைய குழிகளில் இறங்கியதும் சேர்க்கப்பட வேண்டும். மகாராஜா காட்சியும் சயனைட் மேட்டுக் காட்சியும் நீக்கப்பட வேண்டும், அல்லது அவை நடந்தவை அல்ல என்று அதே சட்டகத்தில் எழுதிக் காட்ட வேண்டும். டிம்பர்மேன் பெரியவரின் பேச்சை முழுமையாகப் போடுங்கள். முடியாது என்றால் அந்த ஒரு வரியையும் எடுத்துவிடுங்கள், அவருடைய ஒலிப்பதிவின் நகலை அவர் குடும்பத்திடம் ஒப்படையுங்கள். எங்களிடமிருந்து வாங்கிப்போன போட்டோக்கள் இன்னும் திரும்பி வரவில்லை, அவை உடனே வர வேண்டும். பானை சுமந்த பெண்கள் தங்கள் முகம் படத்தில் இருக்கலாமா என்பதைத் தாங்களே முடிவு செய்யும்படி, அவர்கள் மொழியில் எழுதிய படிவத்தோடு மீண்டும் வந்து கேட்க வேண்டும். இவை நடக்கும்வரை கல்விக்கூடங்களும் திரைப்பட விழாக்களும் இந்தப் படத்தைத் திரையிட வேண்டாம் என்று வேண்டுகிறோம். மீறித் திரையிட்டால், அரங்குக்கு வெளியே நின்று வாரனின் பக்கத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து வருகிறவர்கள் கையில் கொடுப்போம்.

இயக்குநர் நேரில் வந்தால் பேசத் தயார். கேஜில் இறங்கியவர்கள், டிரில் பிடித்தவர்கள், மில்லில் நின்றவர்கள் என்று எங்களில் இன்னும் பலர் உயிரோடு இருக்கிறார்கள், ஞாபகசக்தியோடும் இருக்கிறார்கள். கேமரா இல்லாமல் வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. படத்தை வெளியிட்ட தளத்துக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் இந்த அறிக்கை பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டிருக்கிறது. எழுத்துமூலமான பதில் வராவிட்டால், தளத்தின் பெங்களூர் அலுவலகத்தின் முன் குடும்பங்களோடு வந்து ஆர்ப்பாட்டம் நடத்துவது என்று செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. நாளும் நேரமும் உறுப்பினர்களுக்குத் தனியே தெரிவிக்கப்படும். காலை ரயிலில் போகிறவர்கள் அன்றைக்கு அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வரவும்.

இப்படிக்கு,
செயற்குழுவுக்காக, செயலாளர்
கோலார் தங்கவயல்